பாயிண்டுக்காகத் தினமும் போகலாமா?

கேள்வி: எங்கள் ஜிம்மில் ஒவ்வொரு வருகைக்கும் பாயிண்ட் உண்டு, ஒரு நாள் தவறினாலும் போனஸ் போய்விடும். தினமும் எடை தூக்கலாமா?
— வாசகர், ஒக்கலிபுரம், பெங்களூரு

பதில்: கூடாது. பாரம் தூக்கும் பொழுதிலன்று, அதன் பின்னர் உண்டு உறங்கும் வேளையிலேயே தசைகள் தம்மைச் செப்பனிட்டுக்கொண்டு விருத்தியடைகின்றனவாதலால், ஒரே அங்கத்துக்கு மீண்டும் கடும் பயிற்சி கொடுக்குமுன் ஏறத்தாழ 48 மணி நேர அவகாசம் அவசியம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வயதுவந்தோருக்கு வாரத்தில் 2 நாளேனும் தசைப்பயிற்சியும், 150 முதல் 300 நிமிஷம் மிதமான தேகாப்பியாசமுமே சொல்கிறது. ஆகவே திங்கள், புதன், வெள்ளியில் பாரம். இடைநாட்களில் வருகையைப் பதிந்துகொண்டு, பேச்சு தடைப்படாத வேகத்தில் டிரெட்மில் நடை. ஞாயிறு பூரண விசிராந்தி. அதனால் போனஸ் போகுமாயின், தயங்காமல் விட்டுவிடுங்கள். மாடிப்படி இறங்குகையில் தொடை இன்னும் வலித்தால், பாயிண்ட் எத்தனை கிடைப்பதாயினும் அன்று காலுக்குப் பாரம் வேண்டாம்.