ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம்: தன்னார்வ அமைப்புகளுக்குச் சட்டம் தரும் துணை

ஏழு பேர் ஒன்றுகூடி, ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைச் செய்வதென முடிவு செய்து, தங்கள் நோக்கத்தை எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவாளரிடம் அளித்தால், சட்டத்தின் பார்வையில் ஒரு சங்கம் பிறந்துவிடுகிறது. 1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இயற்றப்பெற்ற சங்கங்கள் பதிவுச் சட்டம் இதற்குமேல் அதிகம் கேட்கவில்லை. பதிவுக் கட்டணம் ஐம்பது ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் வரையறுத்தது.

இச்சட்டம் இலக்கிய, அறிவியல் நிறுவனங்களுக்கென 1854இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டத்தை அடியொற்றியது. எத்தகைய சங்கங்கள் பதிவு பெறலாம் என்று கூறும் அதன் 20ஆம் பிரிவைப் படிப்போர்க்கு அக்காலத்தின் சாயல் தெளிவாகத் தெரியும். படைவீரர்களின் அநாதைக் குழந்தைகளுக்கான நிதிகள், நூலகங்கள், படிப்பகங்கள், ஓவியக் கூடங்கள், இயந்திரக் கண்டுபிடிப்புகளின் காட்சியகங்கள் ஆகியவை அதில் உள்ளன. கிராம முன்னேற்றம், குடிநீர், மகளிர் நலம் ஆகியவை இல்லை. அவை தரும காரியம் என்ற பொதுச் சொல்லின் நிழலிலேயே நெடுங்காலம் இடம்பெற்று வந்தன. பட்டியலைப் பின்னர் விரித்தவை மாநிலங்களே.

எந்தச் சட்டத்தின்கீழ்?

இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு மூன்று வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அது சங்கமாகப் பதிவு பெறலாம், அறக்கட்டளையாக அமையலாம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவின்கீழ் ஆதாயம் பங்கிடாத கம்பெனியாகவும் அமையலாம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் சங்கங்கள் மாநிலப் பட்டியலிலும், அறக்கட்டளைகளும் தரும நிறுவனங்களும் பொதுப் பட்டியலிலும் வைக்கப்பட்டுள்ளன. இதனால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. இராஜஸ்தான் 1958இலும், கர்நாடகம் 1960இலும், மேற்கு வங்காளம் 1961இலும், தமிழ்நாடு 1975இலும் தத்தமக்கெனச் சங்கப் பதிவுச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தரும நோக்கமுடைய சங்கம், 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் வழிவந்த சட்டங்களின்கீழ், அறக்கட்டளையாகவும் பதிவு பெற வேண்டியுள்ளது. அங்கே ஒரே அமைப்பு இரண்டு அலுவலகங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதன் நிலத்தை விற்க அறநிலைய ஆணையரின் முன் அனுமதி தேவை. இது சுமையே எனினும், ஊர்ச்சொத்து கைமாறிப் போகாமல் காக்கும் வேலியுமாகும்.

சொத்தும் சந்தாப் புத்தகமும்

சட்டத்தின் துணை எங்கே உண்மையாகத் தேவைப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு சிற்றூரில் இருபத்தைந்து குடும்பத்தினர் சேர்ந்து படிப்பகம் ஒன்றையும் குழந்தைகள் காப்பகம் ஒன்றையும் தொடங்குகின்றனர் என்று கொள்வோம். 1860ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ள ஒரு மாநிலத்தில் சங்கம் முறையாகப் பதிவு பெறுகிறது. வசூலான பணத்தில் பத்து சென்ட் நிலம் வாங்கப்படுகிறது. பத்திரப்பதிவு நாளன்று அலுவலகத்துக்குச் சென்றவர் செயலர். சங்கத்தின் முத்திரையும் தீர்மான நகலும் கையில் இல்லாததால், பத்திரம் அவர் பெயரிலேயே எழுதப்பட்டு விடுகிறது. செயலர் நேர்மையானவர், ஆகவே எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானதும், அவருடைய வாரிசுகள் அந்த நிலத்தைத் தம் குடும்பச் சொத்து என்கின்றனர்.

இச்சிக்கலுக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே விடை உண்டு. அறங்காவலர் எவரிடமும் ஒப்படைக்கப்படாத சங்கச் சொத்து, அவ்வப்போது பொறுப்பில் உள்ள நிர்வாகக் குழுவிடம் இருப்பதாகவே கொள்ளப்படும். ஆட்கள் மாறினாலும் சொத்து இடம் மாறாது. ஆனால் பிரிவு தானாகப் பேசாது. பத்திரம் சங்கத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அன்றேல் பணம் சங்கத்தினுடையதே என்பதைக் கணக்கேடுகளைக் கொண்டு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க நேரிடும்.

அந்த நீதிமன்றத்தில் சங்கத்தின் சார்பாக நிற்பவர் யார்? 6ஆம் பிரிவின்படி, விதிகளில் குறிப்பிடப்பட்டவாறு தலைவர், முதன்மைச் செயலர் அல்லது அறங்காவலர் பெயரில் வழக்குத் தொடரலாம். அவர் உண்மையிலேயே தலைவர்தாம் என்பதற்கு முதற்சான்று, 4ஆம் பிரிவின்படி ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பப்படும் நிர்வாகக் குழுவினரின் பட்டியல். ஆண்டுப் பேரவை முடிந்து பதினான்கு நாட்களுக்குள் அதை அனுப்புதல் வேண்டும். ஒரே தாள்தான். எனினும் பல சங்கங்கள் முதலாண்டுப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பிணக்கு எழும் நாளில் இரு குழுக்கள் வந்து, தாமே நிர்வாகக் குழு என்று பதிவாளர்முன் நிற்கும். கோப்பிலோ பழைய பட்டியல் ஒன்று மட்டுமே இருக்கும்.

சந்தாவைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். மாதம் ஐந்து ரூபாய்ச் சந்தாவை வற்புறுத்தி வாங்குவது அநாகரிகம் என்று நினைக்கும் செயலர்கள் உண்டு. ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் சந்தா நிலுவை வைத்தவர் வாக்களிக்கவோ, உறுப்பினராகக் கணக்கிடப்படவோ உரிமையற்றவர் என்கிறது 15ஆம் பிரிவு. சங்கத்தின் நோக்கத்தை மாற்றவும், சங்கத்தைக் கலைக்கவும் ஐந்தில் மூன்று பங்கினரின் இசைவு தேவை. அந்த ஐந்து எது, மூன்று எது என்பதை முடிவு செய்வது சந்தாப் புத்தகமே. ஆகவே அப்புத்தகத்தைக் கணக்கரின் ஏடு என்று கருதுவதைவிட வாக்காளர் பட்டியல் என்று கருதுவதே பொருந்தும். சங்கம் கலைந்தாலும் எஞ்சிய சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. வேறொரு சங்கத்துக்கே அது சேர வேண்டும் என்று 14ஆம் பிரிவு விதிக்கிறது. இலாப நோக்கமற்றது என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் மெய்ப்பொருள் இதுவே எனலாம்.

அரசின் கை எதுவரை நீளலாம்?

சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் உறுதி செய்யப்பட்டுள்ளது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி ஆகியவற்றின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம். இவ்வுரிமையின் எல்லையை விளக்க இரு தீர்ப்புகள் மாணவர்க்குப் பயன்படும். தில்லி ஆயுர்வேத, யூனானி திப்பியா கல்லூரி வழக்கில், பதிவு பெற்ற சங்கம் ஒரு கூட்டுருமம் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. கல்லூரியின் நிர்வாகத்தைப் புதிய குழுவிடம் ஒப்படைத்த சட்டமும் நிலைத்தது. ஹிந்தி சாகித்திய சம்மேளன வழக்கின் முடிவு வேறு. 1910இல் தோன்றிய அச்சங்கத்தின் அமைப்பையும் உறுப்பினர் தன்மையையும் 1962ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று மாற்றியது. தாமாகக் கூடியவர்கள், தாம் ஏற்றுக்கொள்ளாதவர்களோடு சேர்ந்திருக்குமாறு சட்டத்தால் வற்புறுத்தப்படுதல் ஆகாது எனக் கூறி, 1971இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதிகாரிகள் இதனை நினைவில் கொள்வது நன்று. மானியம் தருவதால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மானியம் தருபவருக்கு வந்துவிடுவதில்லை.

சுற்றறிக்கை திறந்த கதவு

சட்டத்தின் துணை எப்போதும் புதுச் சட்டமாகவே வர வேண்டுவதில்லை. 1992இல் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அக்குழுக்களிற் பெரும்பாலானவை எந்தச் சட்டத்தின்கீழும் பதிவு பெறாதவை. பதிவில்லாக் குழுவுக்குக் கணக்குத் திறப்பது எப்படி என்ற தயக்கத்தை, அவையும் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1993இல் அளித்த அனுமதி போக்கியது. இக்குழுக்களில் உறுப்பினர் தொகை இருபதுக்கு மிகாதிருப்பதற்கும் காரணம் உண்டு. ஆதாய நோக்குடன் இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் பதிவு கட்டாயம் என 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் கூறியிருந்தது. சட்டத்தின் அந்த ஓரத்தை அறிந்தே குழுவின் அளவு வகுக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மகளிர்க்கும் வங்கியின் வாயில் திறந்தது.

வரியும் நன்கொடையும்

பதிவுச் சான்றிதழ் கிடைத்தவுடன் வரிவிலக்கும் கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தனி விண்ணப்பம். வருமான வரித் துறை தனியே வழங்குவது. வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. ஒருமுறை பெற்றால் நிலைத்திருந்த இப்பதிவு, 2021 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. சிற்றமைப்புகளுக்கு இது பெருந்தொல்லை. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், ஆண்டு வருமானம் ஐந்து கோடி ரூபாய்க்கு மிகாத அமைப்புகளுக்கு அக்காலத்தைப் பத்து ஆண்டுகளாக நீட்டியது வரவேற்கத்தக்கதே.

வெளிநாட்டு நன்கொடையைப் பொறுத்தவரை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டின் திருத்தம், பெற்ற நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2022இல் இத்திருத்தத்தை ஏற்றது. நிதியின் போக்கைக் கண்காணிப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெரிய அமைப்பின் வழியாகச் சிறு தொகை பெற்றுவந்த கிராமக் குழு, நேரே விண்ணப்பிக்கும் திறனற்றது என்பதும் மறுக்கவியலாதது.

இனிச் செய்யக்கூடியவை

பல மாநிலங்களிற் செயல்படக்கூடிய எளிய மத்தியச் சட்டம் ஒன்றை ஆராயலாம் என்று 2007ஆம் ஆண்டின் தன்னார்வத் துறைக்கான தேசியக் கொள்கை கூறியது. அச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தாய்மொழியில் மாதிரித் துணைவிதிகள், பட்டியல் அனுப்பாத சங்கங்களுக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம், செயலர்களுக்கு ஆண்டில் ஒருநாள் கணக்குப் பயிற்சி ஆகியவை மாவட்ட அளவிலேயே இயலும். இரத்து அறிவிப்பு அனுப்பும் அதே அஞ்சலில் நினைவூட்டலையும் முன்னதாகவே அனுப்பலாம் அன்றோ?

மாணவர்கள் செய்து பார்க்கத் தக்க பயிற்சி ஒன்றும் உண்டு. பதிவாளரிடம் உள்ள சங்க ஆவணங்களை எவரும் பார்வையிடலாம் என்கிறது 19ஆம் பிரிவு. 1860இல் அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். மாநிலச் சட்டத்துக்கேற்பத் தொகை இன்று மாறுபடலாம். தம் ஊர்ச் சங்கம் ஒன்றின் கோப்பைக் கேட்டு வாங்கி, கடைசியாக வந்த நிர்வாகக் குழுப் பட்டியல் எந்த ஆண்டினது என்று பார்க்கட்டும். பின்னர்ச் சங்கத்தின் செயலரிடம் சென்று, கட்டடம் நிற்கும் நிலத்தின் பத்திரம் யார் பெயரில் உள்ளது என்று கேட்கட்டும்.