இருதய வால்வு பழுதடையும்போது: சத்திரசிகிச்சை பற்றி முடிவெடுத்தல்

குளத்துக்குத் துருசு எப்படியோ இருதயத்துக்கு வால்வு அப்படி. துருசுக் கதவு திறந்தால்தான் வாய்க்காலில் நீர் பாயும். இறுக மூடினால்தான் குளத்தில் நீர் தங்கும். எமது இருதயத்தில் இத்தகைய கதவுகள் நான்கு உள்ளன. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன.

கதவு இரு வகையில் பழுதடையலாம். தடித்து ஒட்டிப்போனால் முழுமையாகத் திறவாது, இது சுருக்கம். சரிவர மூடாவிட்டால் இரத்தம் பின்னோக்கி வழியும், இது ஒழுக்கு. சிலருக்கு இரண்டும் இருக்கும்.

பழுது எப்படி வருகிறது?

எமது பகுதிகளில் இளவயதினருக்கு வரும் வால்வுப் பழுதுக்கு முக்கிய காரணம் வாதக் காய்ச்சலாகும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளுக்கு, தொண்டை நோ வந்து 2 அல்லது 3 வாரங்களின் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். மூட்டு நோ மாறிவிடும். வால்வில் ஏற்பட்ட காயம் தங்கிவிடும். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் காயம் பெருகும். ஒரே கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும் இடங்களில் இக்கிருமி இலகுவில் பரவும். ஆகவே இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதை அறிந்திருத்தல் அவசியம்.

இதனைத் தடுக்க 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடப்படுகிறது. இடம் மாறினாலும் ஊசி தவறக்கூடாது. கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோம். அது இருந்தால் புதிய இடத்து வைத்தியர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

நோய் கூடுவதை அறிவது எப்படி?

வால்வு நோய் மெதுவாகவே கூடும். நோயாளி தன்னை அறியாமலே வேலையைக் குறைத்துக்கொள்வார். இரண்டு வாளி தண்ணீர் தூக்கியவர் ஒரு வாளி தூக்குவார். வரம்பில் இரண்டு தரம் இருந்து எழும்புவார். ஆனால் "எனக்கு ஒரு குறையுமில்லை" என்பார். எனவே சென்ற போகத்தில் செய்த வேலையை இந்தப் போகத்தில் செய்ய முடிகிறதா என்று வீட்டார் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பின்வருவன தோன்றினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது:

1. நிமிர்ந்து படுக்க மூச்சு முட்டுதல், இரவில் மூச்சுத்திணறி எழும்புதல்
2. கால் வீக்கம்
3. நெஞ்சு ஒழுங்கின்றிப் படபடத்தல், மயக்கம்
4. இருமலில் இரத்தம்
5. விடாத காய்ச்சல்
6. முகம் கோணுதல், கை கால் திடீரென வழங்காமை, பேச்சுக் குழறல். இதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

வால்வு நோயுள்ள பெண்கள் கர்ப்பந்தரிக்க முன்னரே வைத்தியரைக் கேட்கவேண்டும். கர்ப்பகாலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கால் கூடுவதால், சுருங்கிய வால்வு அதைத் தாங்காமற் போகலாம்.

எப்போது சத்திரசிகிச்சை?

குளிசைகள் மூச்சுமுட்டையும் வீக்கத்தையும் குறைக்கும்; பழுதடைந்த கதவைத் திருத்தா. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று பலர் பின்போடுகின்றனர். ஆனால் பழுதான வால்வோடு நெடுங்காலம் போராடும் இருதயத் தசை தளர்ந்துவிடும். தசை தளர்ந்தபின் வால்வை மாற்றினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. சத்திரசிகிச்சையின் ஆபத்தும் கூடும். ஆகவே எக்கோ பரிசோதனையைக் கொண்டு வைத்தியர் குறிக்கும் காலம் முக்கியமானது.

வழிகள் மூன்று. சுருக்கம் மட்டும் இருந்து வால்வு மிருதுவாயிருந்தால், தொடை இரத்தநாளத்தினூடாகப் பலூன் செலுத்தி விரிக்கலாம். நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. சில வால்வுகளை நெஞ்சைத் திறந்து திருத்தலாம். மற்றவற்றை மாற்றவேண்டும்.

மாற்று வால்வு இருவகை. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் கட்டியாகாதிருக்க வாழ்நாள் முழுதும் வாபரின் குளிசை எடுத்து, ஒழுங்காக இரத்தம் சோதிக்கவேண்டும். விலங்குத் திசு வால்வுக்குப் பெரும்பாலும் நீண்டகால வாபரின் தேவையில்லை. ஆனால் 10 முதல் 15 வருடங்களில் தேயலாம், இளவயதினரில் இன்னும் விரைவாக. வாபரின் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். எனவே பிள்ளை பெற விரும்பும் பெண்ணும், இரத்தச் சோதனைக்குத் தொலைதூரம் செல்லவேண்டியவரும் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

சத்திரசிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று நாம் கூறமாட்டோம். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, பக்கவாதம், சிலவேளை மரணமும் நேரலாம். "செய்தால் என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆபத்து?" என்ற இரண்டையும் கேட்டறிந்தே முடிவெடுக்கவேண்டும்.

ஆயத்தமும் பின்பும்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் பயணம், துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, இழக்கும் கூலி என்பன உண்டு. ஜனாதிபதி நிதியத்தின் உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சொத்தைப் பற்களை முன்னரே காட்டிச் சுகப்படுத்துவது நல்லது. வாயிலுள்ள கிருமி வால்வைத் தாக்கும்.

வெட்டிய நெஞ்செலும்பு பொருந்த 2 முதல் 3 மாதங்கள் செல்லும். அதுவரை மண்வெட்டி, நெல்மூட்டை, தண்ணீர்வாளி தொடக்கூடாது. ஆகவே விதைப்பும் அறுவடையும் யார் கையில் என்பதை முன்பே ஒழுங்குசெய்வோம். வாபரின் எடுப்பவர் கீரையை விடவேண்டியதில்லை. அளவு மாறாது உண்ணவேண்டும். வைத்தியரைக் கேளாமல் நோக்குளிசையோ நாட்டுமருந்தோ எடுக்கக்கூடாது. வால்வு மாற்றியபின்னும் வைத்தியர் நிறுத்தும்வரை பென்சிலின் ஊசி தொடரும்.

கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் ஊசி தவறிய பிள்ளைகள் உள்ளனரா? ஏன் தவறியது?
2. ஒருவர் சத்திரசிகிச்சைக்குச் சென்றால் அவரது வயலை அயலார் எவ்வாறு பார்க்கலாம்?
3. கிளினிக்குக்குச் செல்பவருக்குத் துணையாக முறைவைத்துப் போக எத்தனை பேர் முன்வருவோம்?