மருத்துவமனைக் கட்டணப் பட்டியல்

நோய் நீங்கி வீடு திரும்பும் மகிழ்ச்சியில், பட்டியலின் கூட்டுத்தொகையை மட்டும் நோக்கிப் பணம் செலுத்துவோர் பலர். நகையை அடகு வைத்துத் திரட்டிய பணமாயினும் கேள்வி கேட்கக் கூசுவர், அக்கூச்சம் வேண்டாதது. ‘மருந்துகள்’, ‘இதர செலவுகள்’ என்று தொகுத்தெழுதினால் பிழை புலப்படாது. ஆதலின் இனவாரியான பட்டியலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒரே இரத்தப் பரிசோதனை இருமுறை பதியப்பட்டிருக்கலாம். திருப்பிக் கொடுத்த மருந்தின் விலை கழிக்கப்படாதிருக்கலாம். மருந்துறையில் அச்சிட்ட விலைக்குமேல் வாங்குதல் நம் நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட்டுக்கும் 2017-ஆம் ஆண்டில் உச்ச விலை விதிக்கப்பட்டது; மருந்து பூசிய வகைக்கு அன்று வரி நீங்கலாக 29,600 ரூபாய். கண்ட பிழையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குதல் நன்று. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, மருத்துவமனை செவிசாய்க்காவிடின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.