ஆறில்லாத ஊரில் ஒரு தண்ணீர்ப் புதிர்

கேள்வி: இணையத்தளங்களுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மனம் ஓடுவதோ வரைபடம், நொடி (விடுகதை), சின்ன வயது விளையாட்டு என்று. இவற்றைச் சேர்த்து எழுத யாழ்ப்பாணத்தில் என்ன இருக்கிறது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: வரைபடத்துக்கும் நொடிக்கும், முதலில் நிலாவரைக்குப் போங்கள். புத்தூருக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். அடியே இல்லை என்று பெரியவர்கள் வெருட்டுவார்கள், அடி உண்டு. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, கனம் கூடிய உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இடத்தில் வெங்காயமும் புகையிலையும் விளைவது இந்தத் தண்ணீரால்தான். அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

விளையாட்டுக்கு, தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரை. வாடைக் காற்றில் ஏறும் பட்டத்தில் ‘விண்’ என்ற ஒலியெழுப்பி பூட்டியிருந்தால் வானத்திலிருந்து கூவும். கிளித்தட்டு விளையாட்டையும் எழுதுங்கள். ஆனால் ‘அந்தக் காலம் போல வருமா’ என்று மட்டும் தொடங்க வேண்டாம். படித்துப் படித்து எங்களுக்கு அலுத்துவிட்டது.