முதியோர் மகஜரும் வாலிபர் கிளர்ச்சியும்



உரிமைக்காக யார் பேசுவது, எப்படிப் பேசுவது என்பதில் பெரியவர்களுக்கும் வாலிபர்களுக்கும் அபிப்பிராய பேதம் எழுவது நம் சங்கத்தில் மட்டுமுள்ள வழக்கமன்று. லாபுத் தோட்டங்களின் சம்பள நாளை நம்பிப் பற்றுக் கணக்கு எழுதிய நம் முன்னோர் காலத்து விஷயம் ஒன்றைப் பார்ப்போம்.

1936ல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கத்தில் படித்தவர்களும் வசதியுள்ளவர்களுமே முன்னின்றார்கள். மகஜர் எழுதுவதும், இந்திய சர்க்காரிடம் முறையிடுவதும் அவர்கள் வழி. அது பயனற்றதென்று சொல்லிவிட முடியாது. மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதை 1938ல் இந்திய சர்க்கார் நிறுத்தியதற்கு அம்முறையீடுகளும் ஒரு காரணம்.

ஆனால் 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை என்ன? சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அத்துடன், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். கூலிக் கணக்கில் வராத விஷயம் அது. மானத்தைச் சேர்ந்தது. அவர்களை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். கைதுக்குப் பின் வேலைநிறுத்தம் கலவரமாக முற்றியது, துருப்புகள் வந்தன, தொழிலாளர் உயிர்கள் போயின. ஒரு சாராருக்குச் சட்டம் தெரிந்திருந்தது, மறு சாராருக்குத் தோட்டத்து மனம் தெரிந்திருந்தது. இரண்டும் போதிய அளவு கலக்கவில்லை என்பது என் எண்ணம்.

2007 நவம்பர் 25ல் ஹிண்ட்ராப் அழைப்பில் கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டபோதும் இதே பிளவைக் கண்டோம். 1979 முதல் ம.இ.கா. தலைவராக இருந்து, அரசாங்கத்துக்குள் பேசி வாங்கும் வழியில் நின்ற சாமிவேலு, 2008 மார்ச் தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியை இழந்தார்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போர் கண்ட பெரியவர்களின் சபையில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர்த்தினார்கள். அவர் வயதில் எங்களுக்கும் பிள்ளைகள் உண்டே என்று முணுமுணுப்பு எழுந்தது. ஒரு நாள் கலீபா அவர்கள் 'நஸ்ர்' அத்தியாயத்தின் கருத்தைச் சபையில் கேட்டார்கள். வெற்றி கிடைத்தால் இறைவனைப் புகழவேண்டும் என்றனர் சிலர், சிலர் மௌனமாயிருந்தனர். நபி (ஸல்) அவர்களின் முடிவு நெருங்கியதை அது அறிவிக்கிறது என்றார் அந்த இளைஞர். தாமும் அவ்வாறே அறிந்திருப்பதாக உமர் (ரலி) அவர்கள் சொன்னார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதா? தகப்பனார் கடையில் இருக்கும்போதே மகனைக் கல்லாவில் உட்கார வைத்துத்தானே தொழில் பழக்குகிறோம்? சங்கத்தில் மட்டும் வாலிபருக்குப் பாய் விரிக்கும் வேலையும் தேநீர் கொடுக்கும் வேலையுந்தான். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், முப்பது வயதுக்கு உட்பட்ட இருவரை நிர்வாகக் குழுவில் வாக்குரிமையுடன் அமர்த்தும் யோசனையைப் பெரியவர்களே பிரேரிக்கட்டும்.