அரிவாள் இல்லாமலும் பயமுறுத்தலாம்

தாதா கதையை மாணவர் குறும்படமாக எடுத்தால் முதல் ஷாட் எது என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஸ்லோமோஷனில் நடந்து வரும் கால், தரையில் உரசும் அரிவாள், சிகரெட் புகை, அதற்கு மேலே கரகரத்த குரலில் ஊர்ப்பெருமை. இவை தப்பில்லை. ஆனால் பெரிய படத்தில் இவற்றை நட்சத்திரமும் இசையும் தாங்கிப் பிடிக்கின்றன. உங்களிடம் இருப்பது வகுப்புத் தோழனும் அவனுடைய ஒட்டுமீசையும்தான்.

தொடக்கக் காட்சி சொல்ல வேண்டியவை இரண்டு: அதிகாரம் யாரிடம், ஆபத்து யாருக்கு? முதல் இரண்டு நிமிடங்களில் இவை புரிந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் ஜோடனை. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாததைப் புரட்டிப் போடுங்கள்.

முன்னோர் செய்ததைப் பாருங்கள்

‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் நாம் முதலில் பார்ப்பது டானின் முகத்தை அல்ல, அவரிடம் நியாயம் கேட்டு வந்தவரின் முகத்தை. கெஞ்சுகிறவரைக் காட்டியே கேட்கப்படுகிறவரின் உயரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ‘வட சென்னை’ (2018) கொலை முடிந்த கையோடு தொடங்குகிறது. செத்தது யார் என்பதை மறைத்து, கொன்றவர்களைப் பேசவிடுகிறார் வெற்றிமாறன். ‘சுப்ரமணியபுரம்’ (2008) சிறையிலிருந்து வெளியே வருபவனை வாசலிலேயே கத்தியால் குத்தவைத்து, பிறகு 1980-க்குப் போகிறது. ‘நாயகன்’ (1987) இன்னும் ஒரு படி மேலே: தொழிற்சங்கத் தலைவரான அப்பாவைக் காவலர்கள் சுட்டுக் கொன்ற பிறகுதான் சிறுவன் கத்தியை எடுக்கிறான். முதல் குற்றம் காக்கிச் சட்டையுடையது.

நம் மாவட்டத்தில் யார் ரவுடி?

தர்மபுரியில் எடுப்பவர்களுக்கு வீரப்பன் ஆசை வரும். 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காவல்துறை சொன்னபடி, அவர் ஏறி வந்தது அதிரடிப்படை ஏற்பாடு செய்த ஆம்புலன்ஸில். மீசையையும் துப்பாக்கியையும் பல படங்களில் பார்த்தாகிவிட்டது. உயிர் காக்கும் வண்டி ஒன்று இருட்டில் கதவு திறந்து காத்திருப்பதைக் காட்டினால் அச்சம் தானாக வரும்.

அரூர் பக்கத்து வாச்சாத்தியையும் மறக்காதீர்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமைக்கு, 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரைத் தண்டித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கும்பலுக்குச் சீருடையும் இருக்கலாம் என்பதை நம் மாவட்டம் அறியும். இதைத் தொட்டால் பாலியல் வன்கொடுமையை நடித்துக் காட்டாதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்களை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம்.

செலவில்லாத ஒரு தொடக்கம்

பாலக்கோடு தக்காளி மண்டி, விடியற்காலை. விவசாயி காசை வாங்கி எண்ணுகிறார். ஓரமாக நிற்கும் பைக்கில் கந்துவட்டிக்காரன் ஒருவன் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். யாரும் எதுவும் கேட்கவில்லை. விவசாயி தானாகப் போய் மொத்தப் பணத்தையும் நீட்டுகிறார். அவன் இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, “டீ குடிச்சிட்டு பஸ் ஏறுண்ணா” என்கிறான். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அவனுக்கு அந்தக் கவலை இல்லை. அடியும் இல்லை, மிரட்டலும் இல்லை. மரியாதையாகப் பேசுவதுதான் பயமுறுத்துகிறது.

படப்பிடிப்புக்கு முன்

மண்டியில் எடுப்பதானால் மண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். பொம்மைத் துப்பாக்கியோ அட்டை அரிவாளோ தெருவில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஏலக் கூச்சலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். காட்சிக்கு அதுவே பின்னணி இசை, சினிமா பாட்டை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

எடிட்டிங் முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குத் தொடக்கத்தைப் போட்டுக் காட்டுங்கள். யாரைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்று அவர் சரியாகச் சொன்னால் அரிவாள் தேவையில்லை. சொல்லாவிட்டால் அரிவாளைச் சேர்த்தும் பயனில்லை. காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.