சில்லில் நிரலைப் பதித்தல்

மின்மானி, சலவை எந்திரம், நீரேற்றும் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி முதலிய சாதனங்களுள் சிறியதொரு செயலி அமைந்துள்ளது. கோப்புகளைத் திறந்து படிக்கும் ஏற்பாடு அதற்குப் பெரும்பாலும் இல்லை. மின்சாரம் பாய்ந்தவுடன், குறித்த ஓரிடத்தில் உள்ள எண்களைப் படித்து அவற்றின்படி இயங்கத் தொடங்குவது ஒன்றே அது அறிந்த செயல். ஆகவே, கணிப்பொறியில் எழுதிய நிரலை அதன் பிளாஷ் நினைவகத்தில் பதிக்கும்பொழுது, எண்களைப் போலவே அவற்றின் முகவரிகளும் பிழையின்றி அமைதல் வேண்டும்.

கம்பைலர் தரும் கோப்பு

நிரலைக் கம்பைலர் செயலியின் கட்டளைகளாக மாற்றுகிறது; லிங்கர் அவற்றை ஒன்றுசேர்த்து ஒவ்வொன்றுக்கும் முகவரி வகுக்கிறது. இவ்வாறு கிடைக்கும் கோப்பு பெரும்பாலும் ஈ.எல்.எஃப். என்னும் அமைப்பை உடையது. அதில் செயலிக்கு வேண்டிய எண்களோடு, மாறிகளின் பெயர்கள், மூல நிரலின் வரி எண்கள் முதலிய குறிப்புகளும் அடங்கும். இவை கட்டடத்தைச் சுற்றிக் கட்டிய சாரம் போன்றவை. வேலை நடக்கும்வரை பயன்படும், குடிபுகுவோர்க்கு வேண்டா. எனவே, ஈ.எல்.எஃப். கோப்பு சில்லின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருப்பினும் அஞ்ச வேண்டுவதில்லை. ஜி.என்.யூ. கருவிகளுள் ஒன்றான ஆப்ஜ்காப்பி, இக்குறிப்புகளை நீக்கிப் பதிக்கத்தக்கவற்றை மட்டும் எடுத்துத் தருகிறது. அது தரும் கோப்பு வகைகளுள் இரண்டு பெருவழக்கில் உள்ளன.

பைனரியும் ஹெக்ஸும்

முதலாவது, வெறும் பைனரிக் கோப்பு. அதில் பைட்டுகள் மட்டுமே வரிசையாக இருக்கும்; முகவரி இராது. முதல் பைட்டை எங்கு வைப்பது என்பதைப் பதிப்பவரே தனியாகக் கூற வேண்டும்.

இரண்டாவது, இன்டெல் ஹெக்ஸ் கோப்பு. இதில் ஒவ்வொரு வரியும் தன் முகவரியைத் தானே சுமந்து செல்கிறது. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதிய பின்வரும் வரியைக் காண்க:

:040100001025314253

முக்காற்புள்ளியை அடுத்த 04, தரவு பைட்டுகளின் எண்ணிக்கை. 0100 என்பது முகவரி. அடுத்த 00, இது தரவு வரி என்பதைக் குறிக்கும். 10, 25, 31, 42 ஆகிய நான்கும் தரவு. ஈற்றிலுள்ள 53 சரிபார்க்கும் எண். வரியிலுள்ள எல்லா பைட்டுகளையும் கூட்டினால் 256 கிடைக்கும். கூட்டுத்தொகை 256இன் மடங்காக இல்லையெனில் வரியில் பிழை நேர்ந்துள்ளது என்பது வெளிப்படை. எனினும், இரண்டு பைட்டுகள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது; அப்பிழையை இம்முறை காட்டாது.

நான்கு இலக்க முகவரியால் 65,536 இடங்களையே சுட்ட இயலும். அதற்கு அப்பாற்பட்ட முகவரிகளின் மேற்பாதியைத் தெரிவிக்க 04 என்னும் வகை வரி உண்டு. கோப்பின் முடிவை 01 என்னும் வகை வரி அறிவிக்கிறது.

ஒரு மாறிக்கு இரண்டு முகவரிகள்

தொடக்க மதிப்பு பெற்ற மாறிகளிடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. உதாரணமாக, மோட்டாரை நிறுத்த வேண்டிய வெப்ப வரம்பு ஒரு மாறியில் இருப்பதாகக் கொள்க. இயங்கும்போது அம்மாறி ராம் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். ஆனால், மின்சாரம் நின்றால் ராமில் உள்ளது அழிந்துவிடும். ஆதலின், மதிப்பு பிளாஷில் சேமிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் தொடக்க நிரலால் ராமுக்குப் படியெடுக்கப்படுகிறது. சேமிக்கும் முகவரி ஒன்று, இயங்கும் முகவரி மற்றொன்று.

எஸ்.டி.எம்.32 வகைச் சில்லுகளில் பிளாஷ் 08000000 என்னும் முகவரியிலும், ராம் 20000000 என்னும் முகவரியிலும் தொடங்குகின்றன. லிங்கருக்கு அளிக்கும் விதிக்கோப்பில் சேமிக்கும் முகவரியைக் குறிக்கத் தவறினால், ஆப்ஜ்காப்பி இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளி முழுவதையும் நிரப்பிப் பைனரிக் கோப்பை ஆக்கும். அவ்வெளி 40,26,53,184 பைட்டுகள். 64 கிலோபைட் சில்லுக்கு 40 கோடி பைட்டுக் கோப்பு! இது கண்ணில் படும் பிழை. ஹெக்ஸ் கோப்போ சிறிதாகவே இருக்கும். அதன் சில வரிகள் மட்டும் ராமைச் சுட்டும். சோதனை மேசையில் பதிக்கும் கருவி அவ்வரிகளை நேரே ராமில் எழுதிவிட்டால், சாதனம் செவ்வனே இயங்குவதாகத் தோன்றலாம். மின்சாரம் ஒருமுறை நின்று வந்தபின் வெப்ப வரம்பு பொருளற்ற எண்ணாகிவிடும். மோட்டார் காப்பற்றுப் போகும்.

செய்ய வேண்டிய சோதனைகள்

ஆகையால், கோப்பின் அளவைப் பிளாஷின் அளவோடு ஒப்பிடுதல், ஹெக்ஸ் வரிகளின் முகவரிகள் பிளாஷின் எல்லைக்குள் உள்ளனவா எனக் காணுதல், பதித்ததை மீண்டும் படித்துச் சரிபார்த்தல், மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திப் பின்னர் இயக்கிப் பார்த்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி, சி-டாக் உருவாக்கிய வேகா ஆகிய நம் நாட்டுச் செயலிகளுக்கும் ஜி.என்.யூ. கருவிகள் பயன்படுகின்றன. சில்லுக்குச் சில்லு முகவரிகள் மாறலாம்; எண்ணும் இடமும் ஒருங்கே சரியாக இருத்தல் வேண்டும் என்னும் விதி மாறுவதில்லை.